அத்தி எப்போது பூக்கும்?

ரொம்ப நாள் கழித்து ஒருவர் வீட்டுக்கு வந்தால், "என்ன, அத்தி பூத்தாற்போல வந்திருக்கிறீர்கள்!" என்று வரவேற்கிறோம். வரவேற்புக்கு வரவேற்பும் ஆயிற்று, குத்தலுக்குக் குத்தலும் ஆயிற்று. வந்தவரும் அசட்டுச் சிரிப்புச் சிரித்துக்கொண்டு காப்பியை வாங்கிக் குடிப்பார்.

உண்மையில் அத்தி மரம் இந்தப் பழியைக் கேட்டால் கோபித்துக்கொள்ளும். அது அபூர்வமாகப் பூக்கிற மரமே அல்ல. வருஷத்தில் பல தடவை பூக்கிறது. ஆனால் பூவைக் கிளையில் காட்டுவதில்லை. நாம் அத்திக்காய் என்று சொல்லிப் பொரியல் செய்கிறோமே, அந்தக் காய்க்குள்தான் நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு பூக்கள் உட்பக்கம் பார்த்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கல்யாணம் நடத்துகிற வீடு மாதிரி!

அந்தக் கல்யாணத்துக்கு அழைப்பு ஒரே ஒருவருக்குத்தான். எள்ளை விடச் சிறிய ஒரு குளவி. காயின் நுனியில் இருக்கிற ஊசித் துவாரம் வழியாக அது உள்ளே நுழையும். நுழைகிற நெருக்கடியில் இறகு கூடப் பிய்ந்துபோகும். கொண்டு வந்த மகரந்தத்தைப் பூக்களுக்குக் கொடுத்து, சில பூக்களில் முட்டையும் இட்டுவிட்டு, அங்கேயே உயிரை விட்டுவிடும். அதன் குஞ்சுகளில் ஆண்களுக்கு இறகே கிடையாது. அவை வெளியேறும் வழியைக் குடைந்து கொடுத்துவிட்டு உள்ளேயே மடிகின்றன. பெண் குளவிகள் மட்டும் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு அடுத்த மரம் தேடிப் பறக்கின்றன. "அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு" என்று பழமொழி சொல்லி முகம் சுளிக்கிறோம். அந்தப் புழு இல்லாவிட்டால் அத்திக்கு விதை இல்லை, வம்சம் இல்லை. ஆலும் அரசும் அத்திக்குப் பங்காளிகள். அவற்றிலும் இதே கதைதான்.

பார்த்தீர்களா, சகோதரிகளே! அத்தி பூக்காமல் இல்லை. நாம்தான் பார்க்காமல் இருந்தோம். இந்த வாரம் நான் சொல்ல வந்தது இந்த ஒரு விஷயத்தைத்தான். நம் தெருமுனைப் பூங்காவில் தினந்தினம் நடக்கிற அதிசயங்களில் முக்கால்வாசி நம் கண்ணில் படுவதில்லை. அதற்கு நுழைவுச் சீட்டு வேண்டாம். பூதக்கண்ணாடி வேண்டாம். ஐந்து நிமிஷம் நின்று பார்க்கிற பொறுமை இருந்தால் போதும். அரிசியில் கல் பொறுக்கிப் பழகிய கண்ணுக்கு இது பெரிய காரியமா?

முதலில் காகிதப்பூவை எடுத்துக்கொள்ளுங்கள். பூங்கா வேலியிலும், மாடி வீட்டுச் சுவரிலும், ரயில்வே ஸ்டேஷன் ஓரத்திலும் சிவப்பும் ஊதாவும் ஆரஞ்சுமாகக் கொட்டிக் கிடக்கிறதே, அதுதான். வாசனை இல்லை, தலையில் வைக்க முடியாது, சாமிக்கும் ஆகாது என்று ஒதுக்கிவிடுகிறோம். ஒரு கொத்தைக் கிட்டத்தில் பாருங்கள். காகிதம் போல இருக்கிற வர்ண இதழ்கள் மூன்று. ஒவ்வொன்றின் நடுவிலும் இலையில் இருப்பது போலவே நரம்பு ஓடும். அவை இதழே அல்ல, நிறம் மாறிய இலைகள். ஒவ்வொரு வர்ண இலையிலும் ஒட்டிக்கொண்டு, வெளுப்பாகக் குழல் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது அல்லவா? அதுதான் பூ. குடையைப் பார்த்துவிட்டு, குடை பிடித்திருந்தவளைப் பார்க்காமல் வந்துவிட்ட கதைதான்!

இது உங்களுக்குப் புதிய பாடமும் அல்ல. வாழைப்பூ ஆய்கிறோமே, அப்போது என்ன செய்கிறோம்? கருஞ்சிவப்பு மடலை ஒவ்வொன்றாக உரித்து அப்பால் வைத்துவிட்டு, அதற்கடியில் சீப்புச் சீப்பாக இருக்கிற பூவை எடுத்துக் கள்ளன் நீக்கி நறுக்குகிறோம். மடல் வேறு, பூ வேறு என்பது தாவர சாஸ்திரப் புஸ்தகம் படிக்காமலே நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். வாழையின் மடலும் காகிதப்பூவின் வர்ண இலையும் ஒரே வேலையைச் செய்கிறவைதான். சமையலறையில் தெரிந்த சங்கதியைப் பூங்காவிலும் பொருத்திப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மலர்கிற அந்திமந்தாரை கூட இப்படித்தான். இதழ் போலத் தெரிவது பூவின் புறவட்டம். இதழ் என்று அதற்குத் தனியாக ஒன்றும் கிடையாது. அந்திமந்தாரையும் காகிதப்பூவும் ஒரே குடும்பம் என்றால் நம்புவீர்களா?

காகிதப்பூவுக்குப் பின்னால் ஒரு ஸ்திரீயின் கதை இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை.

அதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா. 1767-ல் பிரெஞ்சுக் கப்பல்கள் இரண்டு உலகைச் சுற்றி வரும் வழியில் பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனீரோவில் தங்கின. கப்பலில் கொமர்சோன் என்ற தாவர சாஸ்திரி இருந்தார். அவருக்கு உதவியாளாக ஓர் இளைஞன் வந்திருந்தான். பெட்டிகளையும் செடி அழுத்தும் பலகைகளையும் முதுகில் சுமந்துகொண்டு மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்குவான். தளர்ச்சி என்பதே தெரியாது. அந்த "இளைஞன்" உண்மையில் ழான் பாரே என்ற பெண். 1740-ல் ஏழைக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவள். பிரெஞ்சுக் கடற்படைக் கப்பல்களில் பெண்கள் போகக்கூடாது என்று அந்தக் காலத்தில் சட்டம். ஆகவே ஆண் உடை தரித்து ஏறிவிட்டாள்.

ரியோவில்தான் காகிதப்பூக் கொடி முதன்முதலாக ஐரோப்பிய சாஸ்திரிகளின் கைக்குக் கிடைத்தது. அப்போது கொமர்சோனுக்குக் காலில் புண். ஆகவே கொடியைப் பறித்து வந்தது பாரேயாகத்தான் இருக்க வேண்டும் என்று சரித்திரம் எழுதியவர்களில் சிலர் கருதுகிறார்கள். ஆனால் கொடிக்குக் கப்பல் தலைவரான பூகன்வில்லின் பெயர் வைக்கப்பட்டது. நர்ஸரிக்காரர்கள் இன்றும் "போகன்வில்லா" என்றுதான் சொல்கிறார்கள். பாரேயின் வேஷம் வழியில் கலைந்தது. மொரீஷியஸ் தீவில் சில வருஷம் தங்கி, அங்கேயே விவாகம் செய்துகொண்டு, அப்புறம் பிரான்ஸ் திரும்பினாள். உலகை முழுவதும் சுற்றி வந்த முதல் பெண் என்று இப்போது அவளைச் சொல்கிறார்கள். 1785-ல் பிரெஞ்சு அரசாங்கம் அவளுக்கு உபகாரச் சம்பளம் கொடுத்தது. அவள் பெயரை ஒரு செடிக்கு வைக்க மட்டும் 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தென் அமெரிக்காவில் கண்ட, கத்தரி தக்காளி இனத்தைச் சேர்ந்த ஒரு கொடிக்கு அவள் பெயர் சூட்டினார்கள். இனிமேல் காகிதப்பூவைக் கடந்து போகும்போது அவளை ஒரு க்ஷணம் நினைத்துக்கொள்ளுங்கள்.

பூங்காவுக்குப் போக நல்ல நேரம் எது என்று கேட்டால், அஸ்தமன வேளை என்பேன். அப்போதுதான் தூங்குமூஞ்சி மரம் படுக்கப் போகும். எவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள், பாருங்கள்! பகலெல்லாம் பந்தல் போட்டது போல நிழல் கொடுக்கிற மரம், வெளிச்சம் மங்க மங்கச் சிற்றிலைகளை ஜோடி ஜோடியாகக் கூப்பிக்கொள்ளும். இலைக்காம்பின் அடியில் சின்னத் தடிப்பு ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பக்கம் நீர் ஏறி, மறுபக்கம் வற்றுவதால் இலை மடிகிறது. தொட்டாற்சுருங்கி செய்கிற வித்தையும் இதுவேதான். அதற்குத் தொட்டால் கோபம், இதற்கு இருட்டினால் தூக்கம். பட்டப்பகலிலும் மேகம் கவிந்துகொண்டால் தூங்குமூஞ்சி கண்ணை மூடிவிடும். மாடியில் வற்றல் காயப்போட்டிருக்கிறவர்கள் ரேடியோவில் வானிலை அறிக்கை கேட்பதோடு எதிரே நிற்கிற மரத்தையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம்!

நாகலிங்க மரத்தைக் காலையில் பார்க்க வேண்டும். வாசனையே வழி காட்டும். மற்ற மரங்களில் பல கிளைகளில் பூத்தால், இது அடிமரத்திலிருந்து கயிறு கயிறாகத் தொங்குகிற காம்புகளில் பூக்கும். நடுவில் சிவலிங்கம் போன்ற மேடு, மேலே நாகம் படமெடுத்தாற்போலக் கவிந்த குடை. நம்மவர்கள் கைகூப்பி வணங்கியதில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்த அமைப்பில் ஒரு சாமர்த்தியமும் இருக்கிறது. இந்தப் பூவில் தேன் கிடையாது. வண்டுக்கு மகரந்தம்தான் ஆகாரம். அதையே இரண்டு தினுசாக வைத்திருக்கிறது மரம். நாகப் படத்தில் இருப்பது முளைக்காத மகரந்தம், விருந்தாளிக்கு. லிங்கத்தைச் சுற்றி வளையமாக இருப்பது விதை தருகிற மகரந்தம், வம்சத்துக்கு. வண்டு படத்துக்குள் புகுந்து சாப்பிடும்போது வளையத்து மகரந்தம் அதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். விருந்துச் சமையல் வேறு, பெட்டியில் பூட்டி வைத்த சீர் வேறு என்று கணக்காகக் குடித்தனம் நடத்துகிற மரம்!

இன்னொன்றும் கவனியுங்கள். இந்த மரம் வருஷத்தில் ஒரு தடவைக்கு மேல் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். சில நாளைக்குள் மறுபடி பச்சைப் பசேல் என்று துளிர்த்துவிடும். விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்கள் இந்த வேடிக்கையைத் தவறவிட்டுவிடுவார்கள். ஒன்று மட்டும் ஜாக்கிரதை: பீரங்கிக் குண்டு போன்ற அதன் காய்க்கு அடியில் பாயை விரித்துக் குழந்தையை உட்கார வைக்காதீர்கள்.

சிவன் கோயில்களில் அத்தனை மதிப்புப் பெற்ற நாகலிங்கத்துக்கும் பூர்வீகம் தென் அமெரிக்காதான். தூங்குமூஞ்சியும் அமெரிக்கக் கண்டத்து வெப்ப நாடுகளிலிருந்து வந்தது. கோடையில் பற்றி எரிகிற குல்மொஹர் மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. அந்தக் குல்மொஹர் பூவை எடுத்துப் பாருங்கள். ஐந்து இதழில் நாலு சிவப்பு, ஒன்று மட்டும் வெள்ளையும் மஞ்சளுமாகத் தீற்றல் போட்டது போலத் தனியாக நிற்கும். உள்ளே பத்துக் கேசரங்கள். குழந்தைகள் அவற்றில் ஒன்றோடொன்று கொக்கி போட்டு இழுத்து, யார் தலை விழுகிறது என்று கோழிச் சண்டை விளையாடும். பூவின் அங்கங்களைப் படம் போட்டுச் சொல்லிக் கொடுப்பதை விட இந்தச் சண்டை நல்ல பாடம்.

"எல்லாம் வெளியூர் சரக்குத்தானா?" என்று கேட்காதீர்கள். நம் சாம்பாரில் போடுகிற மிளகாய் அமெரிக்காவைச் சேர்ந்தது. புளி ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. புகுந்த வீட்டில் நிலைத்துவிட்ட மருமகள்களைப் பிறந்த ஊர் கேட்டுக்கொண்டா இருக்கிறோம்? ஆனால் அந்த வீட்டிலேயே பிறந்த பெண்களையும் மறந்துவிடக் கூடாது. சித்திரையில் பொன் சரமாகத் தொங்கும் சரக்கொன்றை, கடற்கரைக் காற்றுக்கு அசையாத புன்னை, காய்ந்த பிறகும் மணக்கிற மகிழம்பூ இவையெல்லாம் நம் மண்ணுக்குச் சொந்தக்காரிகள். உங்கள் பூங்காவில் இவற்றில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது? எல்லா மரத்தையும் ஒரே நாளில் பார்க்கக் கிளம்பினால் ஒன்றும் மனசில் நிற்காது. ஒரே ஒரு மரத்தைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். கறிகாய் வாங்கப் போகிற வழியில் இருந்தால் இன்னும் நல்லது. பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள் காலியாகத்தானே கிடக்கும்? வாரத்துக்கு ஒரு நாள் ஒரே ஒரு வரி எழுதுங்கள். இன்று துளிர், இன்று மொட்டு, இன்று முதல் பூ, இன்று கிளி வந்தது. அவ்வளவுதான்.

இந்தக் கிறுக்கலால் என்ன பிரயோஜனம் என்று வீட்டில் கேட்பார்கள். நம் நாட்டில் ஸீஸன்வாட்ச் என்ற ஏற்பாடு ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் பொதுஜனங்களும் தங்கள் மரத்தை வாராவாரம் பார்த்துக் குறித்து அனுப்புகிறார்கள். கேரளத்தில் விஷுப் பண்டிகைக்கென்று பூக்கிற கொன்றை, பண்டிகைக்கு வெகு முன்பே பூத்துவிடுவது அப்படிப்பட்ட குறிப்புகளில் பதிவாகியிருக்கிறது. பருவம் தடுமாறுகிறது என்று பெரிய பெரிய கூட்டங்களில் பேசுகிறார்களே, அதற்குச் சாட்சி இந்த ஒற்றை வரிகள்தான்.

சாட்சி என்றதும் ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். எங்கள் பேட்டையில் ஒரு சிறிய பூங்கா. சில வருஷங்களுக்கு முன் அதை அழகுபடுத்தினார்கள். நடைபாதைக்கு வர்ணக் கல் பதித்து, மூலையில் இருந்த வயதான மகிழ மரத்தின் அடியையும் விட்டுவைக்காமல் ஒட்டினாற்போலச் சிமெண்டு பூசிவிட்டார்கள். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. எல்லோரும் மெச்சிக்கொண்டோம்.

அடுத்த வருஷம் மரத்தின் உச்சி வெளிறி, இலை அடர்த்தி குறைந்தது. பூங்கா வாசலில் பூக் கட்டி விற்கிற அம்மாள் ஒருத்தி. காலையில் உதிர்ந்த மகிழம்பூவைப் பொறுக்கிக் கோப்பாள். அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"மரத்துக்கு மூச்சு முட்டுதும்மா. போன வருசம் இந்நேரம் தினம் அஞ்சு முழம் கோத்தேன். இப்ப ஒரு முழத்துக்குத் தேறலை."

நாங்கள் நாலைந்து பேர் அவளையும் அழைத்துக்கொண்டு பூங்காவைக் கவனிக்கிற அதிகாரியிடம் போனோம். அவர் மரியாதையாகத்தான் பேசினார். "இது இலை உதிர்காலம், அம்மா. தானாகச் சரியாகிவிடும்" என்றார். எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது.

"மகிழம் எந்தக் காலத்துலங்க மொட்டை அடிச்சுது? வருசம் பூரா இலை இருக்கிற மரமாச்சே! இருபது வருசமா அதுக்குக் கீழே குந்தியிருக்கேன்."

அதிகாரி எழுந்து வந்து பார்த்தார். வேருக்கும் காற்று வேண்டும், தண்ணீர் வேண்டும். சிமெண்டு இரண்டையும் அடைத்துவிடும். 2013-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குச் சிமெண்டை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டது இதனால்தான். 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது, பரவ இடமில்லாமல் குறுகிப்போன வேர்கள் பெயர்ந்து கிடந்ததை நம்மில் பலர் கண்ணால் பார்த்தோமே! எங்கள் பூங்காவில் ஒரு வாரத்துக்குள் மகிழத்தைச் சுற்றி வட்டமாகச் சிமெண்டை உடைத்து மண் போட்டார்கள். உச்சியில் இரண்டு கிளை பட்டுப்போனது போனதுதான். மற்றக் கிளைகள் துளிர்த்தன. இந்தக் கோடையில் மூன்று முழம் தேறியதாம். அஞ்சு முழத்துக்கு இன்னும் எத்தனை வருஷமோ!

அவளிடம் நோட்டுப் புஸ்தகம் இல்லை. முழக் கணக்கு இருந்தது. மரத்தைக் காப்பாற்றியது அந்தக் கணக்குத்தான். தெரியாத மரம் பட்டுப்போனால் நமக்கு அது விறகு. தெரிந்த மரம் வாடினால் மனசு கேட்காது, நாலு பேரைக் கேள்வி கேட்கச் சொல்லும்.

ஆகவே இந்த வாரத்து வேலை இதுதான். உங்களுக்கு அருகில் இருக்கிற பூங்காவில் ஒரு மரத்தைப் பொறுக்குங்கள். அதன் பெயரை அங்கே தண்ணீர் ஊற்றுகிறவரிடம் விசாரியுங்கள். அடியில் மண் தெரிகிறதா, சிமெண்டு நெருக்குகிறதா, பட்டையில் யாராவது ஆணி அடித்துப் பலகை மாட்டியிருக்கிறார்களா என்று சுற்றி வந்து பாருங்கள். செடியில் இருக்கிற பூவைப் பறிக்க வேண்டாம். உதிர்ந்ததில் ஒன்றை எடுத்து வந்து, சாயங்காலம் குழந்தைகளை உட்கார வைத்து, எது மடல், எது இதழ், எது பூ என்று பிரித்துப் பாருங்கள். நோட்டில் முதல் வரியை எழுதுங்கள், தேதியோடு.